துண்டுக்கடியில் பேசப்படும் விலை

வேலூரிலிருந்து பள்ளிகொண்டா போகிற வழியில், பொய்கையில், செவ்வாய்க்கிழமைதோறும் மாட்டுச் சந்தை கூடும். தரகர் இருவர் கையைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவது நம் பக்கத்து மாட்டுச் சந்தைகளின் பழைய வழக்கம். சுற்றி நிற்பவர்களுக்குத் தொகை தெரியாது. மாட்டுக்கு எதுவுமே தெரியாது. ‘தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்று சொல்லிக்கொண்டு இலவசச் செயலிகளைப் போனில் ஏற்றிக்கொள்கிறோம். பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது நாம்தான் என்பது அப்போது உறைப்பதில்லை.

கணக்கிலிருந்தே தொடங்கலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் வைத்திருக்கும் மெட்டா நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வருவாய் சுமார் 13,490 கோடி டாலர். அதில் 13,190 கோடிக்கு மேல் விளம்பரத்திலிருந்து வந்தது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் அதே ஆண்டு ஈட்டிய 30,700 கோடி டாலரில் முக்கால் பங்குக்கு மேல் விளம்பரப் பணம். ஆக, தேடுவது, வரைபடம் பார்ப்பது, ரீல்ஸ் தள்ளுவது எல்லாம் விளம்பரக்காரர் காசில் நடக்கிறது. தினத்தாளும் வானொலியும் கூட அப்படித்தானே ஓடின என்று கேட்கலாம். ஓடின. ஆனால் வேலூர் ஆபீசர்ஸ் லைன் தெருவின் பெட்டிக்கடையில் தினத்தாள் வாங்கியவர் எந்தப் பக்கத்தில் எத்தனை நொடி நின்றார், அதற்கு முன் எந்த மருந்துக் கடையில் இருந்தார் என்று நகைக்கடை விளம்பரதாரருக்குத் தெரியாது. வித்தியாசம் அங்கேதான்.

ஒரு தலைக்கு என்ன விலை? இதற்கு ஓரளவு பதில் உண்டு. மெட்டா 2023இன் கடைசி காலாண்டு வரை, ஃபேஸ்புக்கில் ஒரு பயனாளரிடமிருந்து சராசரியாக எவ்வளவு வருகிறது என்று வட்டாரவாரியாக வெளியிட்டு வந்தது. அந்தக் காலாண்டில் அமெரிக்கா, கனடாவில் தலைக்கு 68 டாலருக்கு மேல். ஐரோப்பாவில் 23 டாலர். ஆசிய பசிபிக் வட்டாரத்தில் ஐந்தரை டாலர். அன்றைய மதிப்பில் நம் வட்டாரத்தின் தொகை மாதம் 150 ரூபாய் அளவுதான். அதிலும் ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியாவெல்லாம் சேர்ந்திருப்பதால் குடியாத்தத்துக்காரரின் பங்கு இன்னும் குறைவாகவே இருக்கும். நம் விவரம் மலிவாகப் போகிறது என்பது ஒரு செய்தி. மாதம் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்காக இவ்வளவு பெரிய கண்காணிப்பு ஏற்பாடு நடக்கிறது என்பது இன்னொரு செய்தி. இரண்டாவதுதான் எனக்கு உறுத்துகிறது.

காசு கொடுத்துத் தப்பிக்கலாமா என்றால், ஐரோப்பாவில் அதையும் பார்த்துவிட்டார்கள். 2023 நவம்பரில் மெட்டா அங்கே விளம்பரமில்லாத சந்தாவைக் கொண்டுவந்தது. இணையத்தில் மாதம் 9.99 யூரோ, போனில் 12.99 யூரோ. காசைக் கட்டு, இல்லையேல் கண்காணிப்புக்குச் சம்மதி என்பது உண்மையான சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் 20 கோடி யூரோ அபராதம் போட்டது. இங்கே யூடியூபுக்கு மாதம் 149 ரூபாய் கட்டினால் விளம்பரம் நிற்கும். என்னென்ன பார்த்தீர்கள் என்ற குறிப்பு நிற்காது. அதைத் தனியாக அணைக்க வேண்டும். காசு கட்டுவதும் மறைவைக் காப்பதும் வேறு வேறு என்பது பலருக்கும் தெரிவதில்லை.

ராகு காலம் பார்ப்பதற்குள் நடக்கும் ஏலம்

இலவசத் தமிழ்க் காலண்டர் செயலி ஒன்றைத் திறக்கிறீர்கள். நல்ல நேரம், ராகு காலம் வருவதற்குள் அடியில் ஒரு விளம்பரம் உட்கார்ந்துவிடுகிறது. அந்தக் கட்டத்துக்கு யாருடைய விளம்பரம் என்பதைச் செயலிக்காரர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கவில்லை. திறந்த அந்த நொடியில் ஏலம் நடந்திருக்கிறது. உங்கள் போனிலிருந்து ஒரு சீட்டு கிளம்புகிறது. அதில் போனின் விளம்பர அடையாள எண் (விளம்பரக்காரர்கள் போனை அடையாளம் காண அதற்குத் தரப்பட்ட எண்), போன் மாடல், மொழி, சிம் நிறுவனம், ஐபி முகவரி எனப்படும் இணைய இணைப்பின் எண், எந்தச் செயலி என்ற விவரம் இருக்கும். இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகையும் இருக்கும். இந்தச் சீட்டு ஏல மையத்துக்குப் போய், அங்கிருந்து ஒரே நேரத்தில் ஏராளமான நிறுவனங்களின் கணினிகளுக்குப் போகிறது. அவை தம்மிடம் உள்ள பழைய குறிப்புகளோடு ஒத்துப் பார்த்து விலை கேட்கின்றன. அதிகம் கேட்டவருக்குக் கட்டம் கிடைக்கும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம், அவ்வளவுதான்.

பொய்கை சந்தையோடு ஒப்பிட்டால் ஒன்று தலைகீழாக இருக்கிறது. சந்தையில் விலை கேட்டுத் தோற்றவர் வெறுங்கையோடு போவார். இந்த ஏலத்தில் தோற்றவரும் சீட்டைப் படித்துவிட்டார். விளம்பரம் போடும் எண்ணமே இல்லாமல், சீட்டுகளைச் சேர்ப்பதற்காக மட்டும் ஏலத்தில் உட்காரவும் முடியும். ‘உங்கள் தகவலை நாங்கள் விற்பதில்லை’ என்று பெரிய நிறுவனங்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். அவர்கள் விற்பது உங்கள் கண்முன் நிற்கும் வாய்ப்பை. தகவலையே மூட்டை கட்டி விற்பவர்கள் வேறு, தரகர்கள். அவர்கள் கைக்குச் சரக்கு வரும் வழிகளில் இந்தச் சீட்டும் ஒன்று. சிறிய செயலிகளுக்குள் காசு கொடுத்துப் பொருத்தப்படும் நிரல் துண்டுகள் இன்னொன்று. டார்ச் லைட் செயலிக்கு எதற்கு இருப்பிட அனுமதி என்ற பழைய கேள்விக்கு இதுதான் பதில்.

சீட்டில் பெயர் இருக்காது. பெயர் தேவையும் இல்லை. ஒரே விளம்பர எண் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை சத்துவாச்சாரியில் ஒரு தெருவிலும், பகலில் நேதாஜி மார்க்கெட்டில் ஒரு கடையிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்பூரில் ஒரு வீட்டிலும் இருந்தால் அது யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டியதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு விவரமும் அற்பம். எல்லாவற்றையும் கோக்கும் நூல் அந்த எண். விளம்பர எண், செல்போன் எண், மின்னஞ்சல் ஆகிய மூன்றும்தான் இந்தத் தொழிலின் நூல்கள். எங்கே எதை அறுப்பது என்று யோசிக்கும்போது இதை நினைவில் வைத்தால் போதும். செயலிகளைத் துறந்து சந்நியாசம் போக வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி ஊரின் தனிச் சிக்கல்

எல்லா ஊருக்கும் பொதுவான இந்த விஷயம் வேலூரில் கொஞ்சம் கூடுதலாகக் கடிக்கும். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சை மையம் இன்று சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையாக நிற்கிறது. காந்தி ரோட்டில் லாட்ஜ் பெயர்ப் பலகைகள் வங்காளத்தில் இருப்பதும், ஓட்டல்களில் மீன் குழம்பு வங்காள ருசிக்கு இறங்கி வருவதும் அதனால்தான். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று பல இடங்களிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். திருவண்ணாமலை, போளூர், சித்தூர் பக்கத்திலிருந்து வருபவர்கள் தனி.

இப்போது அந்த ஏலச் சீட்டை இங்கே வைத்துப் பாருங்கள். போன் மொழி வங்காளம். பத்து நாளாக இருப்பிடம் வேலூர். இரவில் லாட்ஜ் தெரு, பகலில் ஆஸ்பத்திரி வளாகம். இவர் நோயாளியோ நோயாளியின் துணையோ என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையைப் பற்றி, ‘கிரியாட்டினின் 4 இருந்தால் என்ன’ என்று தேடி, வரும் உடல்நலத் தளங்களில் நான்கைத் திறந்தால் நோயும் தெரிந்துவிடும். பல உடல்நலத் தளங்களில் விளம்பர நிறுவனங்களின் கண்காணிப்பு நிரல் பொருத்தியிருக்கிறார்கள். பக்கத்தின் முகவரியிலேயே நோயின் பெயர் இருப்பதால், முகவரி போனால் நோயும் போனது.

இது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவில் மருந்து விலைத் தள்ளுபடி தரும் குட்ஆர்எக்ஸ் என்ற இலவசச் சேவை, பயனாளர்களின் மருந்து விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றுக்கு அனுப்பியதாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023 பிப்ரவரியில் நடவடிக்கை எடுத்தது. அபராதம் 15 லட்சம் டாலர். மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் மீது அடுத்த மாதமே 78 லட்சம் டாலர். 2024 ஜனவரியில் எக்ஸ்-மோடு என்ற இருப்பிடத் தரகு நிறுவனம் மாட்டியது. சாதாரணச் செயலிகள் வழியாக இருப்பிடம் சேர்த்த அந்த நிறுவனம், ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் பகுதியில் சில சிகிச்சை மையங்களுக்கும் பிறகு மருந்துக் கடைகளுக்கும் போனவர்கள் யார் யார் என்று ஒரு மருத்துவ ஆய்வு நிறுவனத்துக்குப் பட்டியல் பிரித்துக் கொடுத்தது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. கொலம்பஸுக்குப் பதில் வேலூர் என்று படித்தால் முதுகு சில்லிடும்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். மெட்டா 2022 ஜனவரியில் உடல்நலம், மதம், அரசியல் போன்றவற்றைச் சுட்டும் விளம்பரத் தேர்வுகளை நீக்கியது. உடல்நலத்தை வைத்து ஆளைக் குறிவைக்கக் கூடாது என்று கூகுளும் விதி வைத்திருக்கிறது. ஆனால் இந்த ஊரைச் சுற்றிச் சில கிலோமீட்டர், இன்ன மொழி பேசுவோர் என்று தேர்வு செய்ய எந்தத் தடையும் கிடையாது. வேலூரில் அந்த இரண்டு மட்டுமே போதும்.

மைக் ஒட்டுக் கேட்கிறதா?

வீட்டில் அடிக்கடி வரும் பேச்சு இது. ‘நேத்துதான் பீரோ வாங்கணும்னு பேசினோம், காலைல பீரோ விளம்பரம் வருதும்மா.’ 2018இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். மைக்கைத் திருட்டுத்தனமாகத் திறந்து பேச்சை அனுப்பும் செயலி ஒன்றும் சிக்கவில்லை. திரையைப் படம் பிடித்து அனுப்பும் செயலி சிக்கியது. அது வேறு கதை.

அப்படியானால் பீரோ எப்படி வந்தது? பேச்சு முடிந்ததும் மருமகள் தன் போனில் பீரோ விலை தேடியிருப்பாள். ஒரே வைஃபையில் இருக்கும் போன்கள் ஒரே ஐபி முகவரியோடு வெளியே தெரியும். ஆக இது ஒரே வீடு. ஒரு வீட்டில் ஒருவர் தேடினால் நால்வருக்கும் காட்டுவது சாதாரணத் தேர்வு. அத்தோடு தை மாதம், ஊரில் கல்யாணம், வயது இருபத்தெட்டு என்ற விவரங்களும் சேர்ந்தால் பீரோ விளம்பரம் எப்படியும் வந்திருக்கும். பேசியதால் கண்ணில் பட்டது. நாள் முழுக்க ஒட்டுக் கேட்டால் பேட்டரியும் டேட்டாவும் தீர்ந்து காட்டிக் கொடுத்துவிடும். ஆண்ட்ராய்டு 12 முதல் மைக்கோ கேமராவோ இயங்கினால் திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி எரியும். மைக்கைப் பற்றிய பயம் ஒருவகையில் தொழிலுக்கு வசதி. மைக்கைத் தேடிக்கொண்டிருப்பவர் இருப்பிட அனுமதியைப் பார்ப்பதில்லை.

அடுத்தவர் சொத்தைக் கொடுத்து வாங்கும் இலவசம்

என் தகவல், என் இஷ்டம் என்று சொல்பவர்கள் தடுக்கி விழும் இடம் தொடர்புப் பட்டியல். ‘காண்டாக்ட்ஸ் அனுமதி’ என்று ஒரு தடவை தொட்டால் அதில் இருக்கும் 600 பேரின் எண்ணும், நீங்கள் வைத்திருக்கும் பெயரும் போகும். ‘சங்கர் சுகர் டாக்டர்’, ‘வட்டி மூர்த்தி’, ‘லட்சுமி பெரியம்மா வாணியம்பாடி’ என்று நாம் பெயர் வைக்கும் அழகில் தொழில், நோய், உறவு, ஊர் எல்லாம் இருக்கிறது. அந்த 600 பேரில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. நீங்கள் எந்தச் செயலியும் வைக்காமல் பட்டன் போனோடு இருந்தாலும், உங்களைத் தெரிந்த நாற்பது பேர் கொடுத்துவிட்டால் உங்கள் எண்ணுக்குப் பெயரும் உறவு வட்டமும் கிடைத்துவிடும்.

இதன் மோசமான முகம் கடன் செயலிகள். ஆதாரும் செல்ஃபியும் கொடுத்தால் பத்து நிமிடத்தில் ஐயாயிரம் ரூபாய். தவணை தவறினால் பட்டியலில் உள்ள மாமனாருக்கும் முதலாளிக்கும் மார்ஃபிங் செய்த படம் போகும். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் தந்த டிஜிட்டல் கடன் வழிகாட்டுதலின்படி, கடன் செயலி தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகள், படங்கள் எதையும் தொடக் கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றைக் கணக்குத் தொடங்கும்போது ஒருமுறை, சம்மதத்தோடு மட்டும் பயன்படுத்தலாம். 2023 மே முடிவிலிருந்து கூகுள் பிளே ஸ்டோரும் தனிநபர் கடன் செயலிகளுக்கு இதே தடையைப் போட்டது. ஆகவே தொடர்புப் பட்டியலைக் கேட்கும் கடன் செயலி, கேட்ட அந்த நிமிடமே சட்டத்துக்குப் புறம்பானது என்று தெரிந்துகொள்ளலாம். வேறு சோதனை தேவையில்லை. பெரும்பாலும் இவை பிளே ஸ்டோருக்கு வெளியே, வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாக, அதாவது தொட்டால் நேரடியாகச் செயலியை ஏற்றும் கோப்பாக வரும். மாட்டிக்கொண்டால் 1930ஐ அழைக்கலாம். அனுமதியைப் பிறகு அணைத்துப் பயனில்லை, பட்டியல் முதல் நிமிடத்திலேயே போயிருக்கும். பட்டியலில் உள்ளவர்களுக்கு நாமே முந்திக்கொண்டு, ‘இப்படிப் படம் வந்தால் நம்பாதீர்கள்’ என்று சொல்லிவிடுவது மிரட்டலின் பல்லைப் பிடுங்கும்.

சட்டம் எங்கே நிற்கிறது

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24இல் ஒருமனதாகச் சொன்னது. ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கு அது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். அதாவது 2027 மே. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம், ஆனால் அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். தகவல் கசிந்து அடிபட்டவருக்கு இந்தச் சட்டத்தில் இழப்பீடு இல்லை. பொய்ப் புகார் கொடுத்தால் மட்டும் 10,000 ரூபாய் வரை நம்மிடம் வாங்குவார்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பின்தொடர்வதற்கும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதற்கும் தடை இருப்பது நல்ல அம்சம். குழந்தை அம்மாவின் போனில், அம்மாவின் கணக்கில் ரைம்ஸ் பார்க்கும் வீடுகளில் அந்தத் தடை எப்படி வேலை செய்யும் என்பதுதான் புரியவில்லை.

நடைமுறையில் பலித்தது போட்டி ஆணையத்தின் வழி. வாட்ஸ்அப் 2021இல் ‘ஏற்றுக்கொள், இல்லையேல் வெளியேறு’ என்று கொண்டுவந்த தகவல் பகிர்வுக் கொள்கைக்காக 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது ஆணையம். 2016 பிப்ரவரி 8ஐயும் மறக்கக் கூடாது. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அன்று போட்ட பாரபட்சக் கட்டணத் தடையால் இந்தியாவில் நின்றது. இலவசத்தை வேண்டாம் என்று சொன்ன நாடு இது. ஏழு மாதம் கழித்து ஜியோ வந்து டேட்டாவையே சும்மா கொடுத்தபோது அந்த நினைப்பெல்லாம் போய்விட்டது.

என்ன செய்யலாம்

முதலில் விளம்பர எண். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், கூகுள், விளம்பரங்கள் என்று போனால் ‘விளம்பர ஐடியை நீக்கு’ என்று இருக்கும். போன் கம்பெனிக்குத் தக்கபடி இடம் மாறும். கிடைக்கவில்லை என்றால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடலில் ‘விளம்பரம்’ என்று போடுங்கள். நீக்கிய பிறகு செயலிகளுக்கு அந்த இடத்தில் வெறும் சுழியங்கள்தான் கிடைக்கும். விளம்பரம் குறையாது. சம்பந்தமில்லாத விளம்பரங்கள் வரத் தொடங்கும், அதுதான் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். ஐபோனில் பிரைவசி பகுதியில் டிராக்கிங் என்பதைத் திறந்து, செயலிகள் கேட்பதையே அணைத்துவிடலாம். 2021இல் வந்த இந்த ஒற்றைக் கேள்வியால் 2022இல் தமக்கு 1,000 கோடி டாலர் வரை வருவாய் குறையும் என்று மெட்டாவே சொன்னது. நூலை அறுப்பதன் பலம் அவ்வளவு.

அடுத்தது இருப்பிடம். செட்டிங்ஸில் லொகேஷன் பக்கத்தைத் திறந்தால் ‘எப்போதும்’ என்ற தலைப்பின் கீழ் எந்தச் செயலிகள் உள்ளன என்று தெரியும். வரைபடம், ஆட்டோ, சாப்பாடு ஆகியவற்றுக்கு ‘பயன்படுத்தும்போது மட்டும்’ போதும். வானிலை, செய்தி, ஷாப்பிங், காலண்டர் செயலிகளுக்குத் ‘துல்லியமான இருப்பிடம்’ என்ற பொத்தானை அணைத்துவிடுங்கள். அப்போது போன் சுமார் 3 சதுர கிலோமீட்டர் அளவுக்கு மங்கலாகத்தான் இடத்தைச் சொல்லும். வேலூரில் மழை வருமா என்பதற்கு அது தாராளம். காந்தி ரோடா, கோட்டை மைதானமா என்று பிரித்துச் சொல்ல அது போதாது. ஆட்டோ செயலிக்கும் தவறுதலாக அணைத்துவிட்டால் வண்டி காட்பாடி ஜங்ஷனுக்குப் பதில் பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும்; திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

தொடர்புப் பட்டியல் அனுமதி போன், வாட்ஸ்அப் தவிர யாருக்கும் வேண்டாம். யூபிஐ செயலி பெயரைக் காட்டக் கேட்கும். எண்ணைத் தட்டிக்கொண்டால் அதுவும் வேண்டியதில்லை.

கூகுள் கணக்கில் ‘தரவும் தனியுரிமையும்’ பக்கத்தில் ‘வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி’க்குத் தானாக அழிக்கும் கால அளவு வைக்கலாம். 2020க்குப் பிறகு தொடங்கிய கணக்குகளுக்கு 18 மாதம் என்று இருக்கும். 3 மாதமாக மாற்றுங்கள். யூடியூபுக்கும் அப்படியே. நோயைப் பற்றித் தேடும்போது குரோம் செட்டிங்ஸில் மூன்றாம் தரப்பு குக்கீகளை, அதாவது நாம் திறந்த தளத்தைத் தவிர மற்ற நிறுவனங்கள் நம் உலாவியில் வைக்கும் அடையாளக் குறிப்புகளை, தடுத்துவிட்டுத் தேடுவது நல்லது. சில வங்கி, கட்டணப் பக்கங்கள் அதனால் சுற்றிக்கொண்டே நிற்கும், அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் சரியாகும். உலாவியில் பார்த்ததைப் பதிந்து வைக்காத ‘இன்காக்னிடோ’ முறையை நம்ப வேண்டாம். வீட்டில் உள்ளவர்களிடமிருந்துதான் அது மறைக்கும், தளங்களிடமிருந்து மறைக்காது. 2020இல் தொடுக்கப்பட்ட வழக்கில், இன்காக்னிடோவில் சேர்ந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024இல் கூகுள் சமரசமாக ஒப்புக்கொண்டது.

வாட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் இரு முனைக்கும் நடுவில் பூட்டப்பட்டவை. யாரிடம், எப்போது, எத்தனை முறை என்ற விவரம் அந்தப் பூட்டுக்குள் வராது. கூகுள் டிரைவுக்குப் போகும் நகலும் தானாகப் பூட்டப்படுவதில்லை. செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய் பூட்டிய பேக்கப்பை இயக்கி, ஒரு கடவுச்சொல் வைக்க வேண்டும். அதை மறந்தால் பழைய செய்திகளை யாராலும் மீட்க முடியாது. வீட்டு நோட்டில் எழுதி வைப்பதில் தவறில்லை.

இனி கல்லாப்பெட்டி. ‘நம்பர் சொல்லுங்கக்கா’ என்று மருந்துக் கடையிலும் துணிக்கடையிலும் கேட்டால் சொல்லாமலும் பில் போட முடியும். எண் தந்தால்தான் பொருள் என்று கட்டாயப்படுத்துவது முறையற்ற வணிகம் என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மேயில் சொல்லியிருக்கிறது. மருந்துக் கடைக்கு இது கூடுதல் முக்கியம்: துணிக்கடையில் எண்ணோடு சேர்வது சட்டை அளவு, இங்கே சேர்வது இன்சுலின். இரண்டாவது சிம் வைத்து அதைக் கடைகளுக்குக் கொடுப்பது நல்ல தந்திரம்தான், ஆனால் வங்கிக்கோ ஆதாருக்கோ அதை இணைக்காதீர்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண், துண்டிக்கப்பட்டு 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். மின்னஞ்சலில் இன்னும் எளிது. ஜிமெயிலில் உங்கள் பெயருக்கும் @ குறிக்கும் நடுவில் ஒரு + குறியும் கடையின் பெயரும் சேர்த்துக் கொடுங்கள். அஞ்சல் உங்களுக்கே வரும், எந்தக் கடை முகவரியை வெளியே விட்டது என்றும் தெரிந்துவிடும். சில தளங்கள் + குறியை ஏற்காது.

விளம்பர அழைப்பைத் தடுக்க ஆங்கில எழுத்தில் ‘ஸ்டார்ட் 0’ என்று 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். பதிவு பெற்ற விற்பனையாளர்களை அது நிறுத்தும். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து அழைப்பவரை நிறுத்தாது; அதற்கு அழைப்பு வந்த 7 நாளுக்குள் அதே 1909இல் புகார் செய்ய வேண்டும்.

லாட்ஜிலும் ஜெராக்ஸ் கடையிலும் கொடுக்கும் ஆதாரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே சுருக்கமாக. மைஆதார் தளத்தில் ‘மாஸ்க்டு ஆதார்’ என்று தேர்ந்தெடுத்து இறக்கினால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் அட்டை வரும். கோப்பின் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும். லாட்ஜில் முழு எண் வேண்டும் என்றால் வாக்காளர் அட்டையைக் கொடுக்கலாம். நகல் கொடுத்தே தீர வேண்டுமென்றால் அதன் மேல் குறுக்காக ‘லாட்ஜில் தங்க மட்டும்’ என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பிய கோப்பை நம் பக்கத்தில் ‘எல்லோருக்கும் அழி’ என்று அழித்தாலும், கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் பெட்டியில் இறங்கிவிட்ட நகல் அங்கேயே கிடக்கும். பிரிண்ட் கையில் வந்ததும் அதை அழிக்கச் சொல்லி, மறுசுழற்சித் தொட்டியையும் காலி செய்யச் சொல்லி, திரையைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.